ஹலோவைக் கேட்டு பாஷை சொன்னவள்

அலுவலகம் மாற்றும்போது பழைய அட்டைப்பெட்டி ஒன்றில் உன் ஹெட்செட் கிடைத்தது. காதுப்பஞ்சு கிழிந்துபோனதால் பழைய சாக்ஸை வெட்டி நீ தைத்துப் போட்டாயே, அதே ஹெட்செட். முகர்ந்து பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, தைல வாசனை இன்னும் போகவில்லை. தலைவலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தைலம் தடவுகிற ஆள் நீ ஒருத்திதான்.

போன் போட்டால் கம்ப்யூட்டரே எடுத்துப் பதில் சொல்லும் நம் தொழிலுக்கு இப்போது கிளவுட் என்று பெரிய பெயர் இருக்கிறது. அன்று நம் கம்பெனி என்பது ஓசூரில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை, நான்கு போன் லைன், இரண்டு கம்ப்யூட்டர், நாம் இரண்டு பேர். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த நான் புரோகிராம் எழுதினேன். ஜவளகிரிக்காரியான நீ, தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த நிரந்தர வேலையை என்னை நம்பி விட்டுவிட்டு வந்தாய். கிளவுட் என்ற சொல்லை எங்கோ படித்துவிட்டு வந்து நான் பீற்றிக்கொண்டபோது, "மாடியில இருக்குதுன்னு அதுக்கு மேகம்னு பேரா? அடங்குடி" என்றாய்.

முதல் வாடிக்கையாளர் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. சானமாவு காட்டுப் பக்கம் ரோட்டில் யானை இறங்கினால் ஷிப்ட் பஸ் சுற்றி வரும், நேரம் மாறும். தொழிலாளர்கள் நம் எண்ணுக்குப் போன் போட்டால், பஸ் எப்போது வரும் என்பது அவரவர் பாஷையில் ஒலிக்க வேண்டும். ஒரு வாரம் சோதனை. சரிவராவிட்டால் வேலை பெங்களூர் கம்பெனிக்குப் போய்விடும், நாமும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

நான் பெரிய அறிவாளி மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன். கர்நாடக எண் என்றால் கன்னடம், தமிழ்நாட்டு எண் என்றால் தமிழ். "நம்பரப் பாத்து பாஷ சொல்லாதடி, இது ஓசூரு" என்றாய். கேட்டேனா? முதல் நாள் காலை, ஜூஜுவாடியில் குடியிருந்துகொண்டு, எல்லை தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளியில் சிம் வாங்கிய மதுரைக்காரர்களுக்கெல்லாம் கன்னடம் ஒலித்தது. ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டு எண் வைத்திருந்த தளிப் பக்கத்துக் கன்னடக்காரர்களுக்கு நான் எழுதிக்கொடுத்த செந்தமிழ் போயிற்று. பாதிப் பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அழைப்பவர் "ஹலோ" என்றதும் மூன்று பொத்தான்களில் ஒன்றை அமுக்குவாய். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று நீயே பேசிப் பதிவுசெய்ததில் சரியானது ஓடும்.

"ஒரு ஹலோவுல எப்படிட்டி தெரியுது?" என்று கேட்டேன்.

"ஆறு வருசமா அதத்தான கேட்டுக்கினு இருந்தேன்" என்றாய், தலையைத் திருப்பாமல்.

அதற்குப் பிறகு ஒரு புகார்கூட வரவில்லை. கடைசி நாள் தொழிற்சாலை மேனேஜர் நேரிலேயே வந்தார்.

"அருமைம்மா. உங்க சாப்ட்வேரு எப்படி ஆளுக்கேத்த பாஷய கண்டுபிடிக்குது?"

என் வாயில் பொய் தயாராக இருந்தது. அதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"சாப்ட்வேரு இல்ல சார். நான்தான்."

உன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது எனக்கு. அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப மெஷினு வேல செய்யலையா?"

"இன்னும் இல்ல சார். ரெண்டு மாசம் குடுங்க. அதுவரைக்கும் நான் உக்காந்துக்கறேன். ஒருத்தருக்கும் பஸ்ஸு தப்பாது."

படிக்கட்டு வரை போனவர் திரும்பி வந்து, சரி என்றார். இரண்டு மாதமும் நீ ஒரு நாள்கூடத் தவறாமல் ஐந்து மணிக்கு உட்கார்ந்தாய். முதல் அழைப்பில் பாஷையை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதை எண்ணோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும்படி நான் புரோகிராமை மாற்றி எழுதினேன். நம் கம்பெனி பிழைத்தது அப்படித்தான்.

போன வாரம் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் நம் திட்டத்தில் இருந்த புது வசதி ஒன்றைக் காட்டி, "இது இப்ப வேலை செய்யுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றிருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பார். "இன்னும் இல்ல சார்" என்றேன். போனவர் போனவர்தான். உன் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. நாலு வார்த்தை நன்றாகத் திட்டலாம் என்று பார்த்தால், நீ எங்கேடி இருக்கிறாய்?