பெட்ரூம் கம்ப்யூட்டரின் தேதி

என் ஷீலாக்காவுக்கு, நீ தலையில் குட்டிக் குட்டி வளர்த்த ஜெனி எழுதுவது.

போன இடத்திலும் யாரையாவது வேலை வாங்கிக்கொண்டுதான் இருப்பாய், எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அவர்களை விட்டுவிட்டு இதைக் கேள். உன் வீட்டுச் சேதி நிறைய இருக்கிறது.

அயனம்பாக்கம் ஏரி இந்த மழைக்கு நிரம்பிவிட்டது. உன் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். அதாவது ஆபீஸ் போகிறார், வருகிறார், நான் கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிடுகிறார். ஆனால் மாமா பாடுவதில்லை அக்கா. சர்ச் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடிப் பக்கத்து வரிசையை அதிரவைத்த மனிதர், இப்போது பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்.

உன் வீட்டில் மாதாமாதம் நடந்த ஜெபக்கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய். அந்தச் சின்ன ஃபிளாட்டில் ஹாலில் பாதிப் பேர், பெட்ரூமில் கொஞ்சம் பேர், மீதிப் பேர் சமையலறையில். ஒரு ரூமில் பாடுவது இன்னொரு ரூமுக்குச் சரியாகக் கேட்காது. ஹாலில் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகும் பெட்ரூமில் கடைசிச் சரணம் ஓடிக்கொண்டிருக்கும். பாஸ்டர் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் முடிக்கட்டும் என்று பொறுமையாக நிற்பார்.

உனக்குத்தான் அது பொறுக்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்களைத் தூசி தட்டி எடுத்தாய். ஹாலுக்கு ஒன்று, பெட்ரூமுக்கு ஒன்று, மிக்ஸி பக்கத்தில் உன் பழைய லேப்டாப். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பீக்கர். நீயே கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்த மெட்டுகள் மூன்று ரூமிலும் ஒரே நேரத்தில் கிளம்பும். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவோம். அது எப்படி என்று நான் கேட்டதற்கு, “ஹால் கம்ப்யூட்டர் ‘இத்தனை மணிக்கு ஆரம்பி’ன்னு சொல்லும். மத்த ரெண்டும் தன் கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பிக்கும். அவ்ளோதான்டீ” என்று சொன்னாய். புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

இப்போதுதான் நிஜமாகவே புரிந்தது. போன மழையில் நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. வந்த பிறகு உன் மெட்டைப் போட்டுப் பார்த்தேன். ஹாலும் சமையலறையும் பாடின, பெட்ரூம் மட்டும் ஊமை. ஸ்பீக்கரைத் தட்டினேன், ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால், எந்தக் காலத்திலோ ஒரு ஜனவரி முதல் தேதி! கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுகிற பட்டன் பேட்டரி உள்ளே செத்துப்போயிருக்கிறது. ஹால்காரன் சொன்ன நேரம் இன்னும் வரவில்லை என்று பாவம் அது காத்துக்கொண்டே இருக்கிறது. தானாகவே நெட்டிலிருந்து நேரத்தைச் சரிசெய்கிற மாதிரி நீ ஏன் வைக்கவில்லை? வீட்டில் எல்லாருக்கும் மறதி என்று திட்டுவாயே, இது யாருடைய மறதி?

பேட்டரியை வாங்கிக்கொண்டு போனேன். மாமா தொடவிடவில்லை. அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். மாமாவைப் பார்த்ததுகூட இல்லை.

“இதுக்கு அவ இனிமேதான் வரப்போறா ஜெனி. அப்படியே இருக்கட்டும் விடு.”

ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறாராம். ஜெபக்கூட்டம் வேறு வீடுகளுக்குப் போய்விட்டது, இவர் எதற்கும் போவதில்லை. இந்த மனிதரும் அந்த ஜனவரியிலேயே தங்கிவிடுவாரோ என்று நான் பயந்துபோனேன் அக்கா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நேற்று உனக்கு முதல் வருஷ நினைவுக் கூட்டம். உன் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். பழையபடி மூன்று ரூமும் நிறைந்துவிட்டது. உன் மெட்டு கிளம்பியதும் ஹாலும் சமையலறையும் சேர்ந்து பாடின. பெட்ரூமில் மேனாம்பேடு ஸ்டெல்லா ஆன்ட்டி தலைமையில் ஒரு கூட்டம், மியூசிக் இல்லாமல் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஆமென் சொல்லி உட்கார்ந்தோம். உள்ளே இன்னும் பாட்டு. பிறகு சட்டென்று நின்றது. ஆன்ட்டி கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“இன்னா நைனா இது? நாங்க இன்னும் மூணாவது சரணத்துலயே கீறோம், நீங்க முடிச்சிட்டு குந்திகினு கீறீங்க? எங்கள உட்டுட்டு எல்லாரும் பரலோகம் போய்டுவீங்க போல!”

பாஸ்டரே சிரித்துவிட்டார். நான் மாமாவைப் பார்த்தேன். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்தேன். இல்லை, சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

“ஷீலா இருந்திருந்தா இந்தக் கூத்துக்கு எல்லாரையும் சேர்த்து ஒரு வாங்கு வாங்கியிருப்பா” என்றார். பிறகு, “ஜெனி, அந்த பேட்டரி வச்சிருக்கியா?”

என் ஹேண்ட்பேக்கிலேயேதான் இருந்தது. பாஸ்டர் உட்பட அத்தனை பேரும் காத்திருக்க, மாமா கட்டிலோரம் மண்டிபோட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். ஸ்டெல்லா ஆன்ட்டி செல்போனில் டார்ச் அடித்தார். பேட்டரியை மாற்றி ஆன் செய்ததும் தேதி கேட்டது. நாளை அடித்தார், மாதத்தை அடித்தார். வருஷத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“இது என்ன வருஷம், ஜெனி?”

தெரியாமல் கேட்கவில்லை. அதை வேறு யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவருக்கு. நான் சொன்னேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா அந்த வருஷத்தை ஒவ்வொரு எண்ணாக அடித்து, என்டர் தட்டினார்.

பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். மூன்று ரூமிலும் ஒரே நொடியில் நீ வாசிக்க ஆரம்பித்தாய். மாமா பெட்ரூம் கதவில் சாய்ந்து நின்றார். முதல் சரணத்தில் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதில் உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவதில் அந்த அடித்தொண்டைக் குரல் வந்தது, கரகரவென்று, சுருதி கொஞ்சம் தப்பி. பக்கத்தில் நின்றிருந்த என் முதுகெல்லாம் அதிர்ந்தது.

நீ இல்லை என்று இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியும், அக்கா.

எல்லாரும் கிளம்பும்போது மாமாவே வாசலில் நின்று, அடுத்த மாதக் கூட்டம் இங்கேதான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சுண்டல் என் பொறுப்பு. உன்னைப் போல எனக்கு ஒயர் ஒட்டத் தெரியாது, கீபோர்டும் வராது. ஆனால் மாமா பாடும் வரைக்கும் பக்கத்தில் நின்று நானும் பாடுவேன். அவர் வாயை மூடினால் விலாவில் ஒரு இடி இடிப்பேன். இது சத்தியம்.

நிம்மதியாக இரு,
உன் கூடப்பிறந்த குட்டிப் பிசாசு,
ஜெனி