விடுபட்ட ஒரு எண்

செவ்வாய் இரவு, ராஜபாளையம்

மில்லின் வருகைப்பதிவோடு மெசேஜ் அனுப்பும் சேவையை இணைக்கும் புராஜெக்ட்டை இன்று என் லேப்டாப்பில் ஏற்றினேன். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசிலிருந்து வந்த செட்டிங்ஸ் ஃபைலில் டேட்டாபேஸ் முகவரியை மட்டும் என் மெஷினுக்கு மாற்றினேன். மெசேஜ் சேவை டெஸ்ட்டுக்கானதாக இல்லாமல், நிஜமாகவே போன்களுக்கு அனுப்புவதாகக் கிடந்ததைப் பார்க்கவில்லை. சோதனைக்கென்று ஏற்றியிருந்த பெயர்களும் எண்களும்கூட மில் தொழிலாளர்களுடைய நிஜமானவை. மடையன். டெஸ்ட்டுக்கு, இருந்த வாசகங்களில் கைக்கு வந்த ஒன்றை அனுப்பினேன்: ‘நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்.’

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு செல்லம்மா அக்கா போனோடு வந்தார். அவருக்கு அந்த மில்லில்தான் வேலை.

“தம்பி, இதச் செத்த படிச்சுச் சொல்லு. என்னைய வர வேண்டாம்னா போட்டுருக்கு?”

“தப்பா வந்துருச்சுக்கா. இப்ப மாத்தி இன்னொண்ணு வரும்” என்றேன். அனுப்பியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

மில் மேனேஜருக்குப் போன் செய்தேன். கத்துவார் என்று நினைத்தேன். யார் யாருக்குப் போனது என்று மட்டும் கேட்டார். பெயர்களை வாசித்தேன்.

“செல்லம்மாவா? அந்தம்மாவ நிறுத்தணும்னுதான் பேசிக்கிட்டிருக்கோம். மத்தவியளுக்கு மாத்தி அனுப்பிருங்க தம்பி. அதுக்கு மட்டும் வேண்டாம்.”

சரி சார் என்றேன். எதற்குச் சொன்னேன்? அக்காவின் எண்ணை என் கையாலேயே எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பினேன். ஒரு பிழையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

ஜன்னலில் தெரிகிறது. அக்கா இன்னும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். போனில் வெளிச்சம் அணையும்போதெல்லாம் விரலால் தொட்டு மறுபடி எழுப்புகிறார்.