இருபத்துநான்கு ரெக்கார்டில் ஒரே எச்சில்

8, திங்கள்

காலையிலேயே வெக்கை. கொடியில் காய்ந்த புடவையில் அனல்மின் நிலையச் சாம்பல் தூசி. உதறிக் கட்டிக்கொண்டு ஓட்டம். பதினொன்றாம் வகுப்புக்கு உமிழ்நீர் பிராக்டிகல். வருஷத்திலேயே எனக்குப் பிடிக்காத நாள்.

வாங்க வேண்டியவை: அயோடின், பஞ்சு, சோப்பு (ரெண்டு).

பாடம் நன்றாகப் போனது. பாய்லரில் நிலக்கரி எரிய எவ்வளவு சூடு வேண்டும் என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் செல்லுக்குள்ளும் சர்க்கரை எரிகிறது. தீ இல்லை, புகை இல்லை, வெறும் முப்பத்தேழு டிகிரி. ஒரேயடியாக இல்லை, படிப்படியாக. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. கிடைக்கிற ஆற்றலை ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் பிடித்துவைத்துச் செல் செலவு செய்கிறது என்றேன்.

மூன்றாவது பெஞ்ச் கௌசல்யா எழுந்தாள். "வேல முடிஞ்சதும் அந்த நொதி என்னாகும் மிஸ்?"

"அப்படியே இருக்கும்மா. அடுத்த வேலைக்குப் போகும்."

"எங்கப்பா மாதிரியா மிஸ்? ஒரு காண்ட்ராக்ட் முடிஞ்சா அடுத்த காண்ட்ராக்ட்."

வகுப்பே சிரித்தது. நானும்தான். கெட்டிக்காரி. நர்சிங் படிக்க வேண்டும் என்று சேர்ந்த அன்றே சொன்னவள்.

பிறகு லேப். இந்தப் பள்ளியில் ஆறு வருஷமாக என் வழக்கம்: ஒரே பிள்ளை பீக்கரில் துப்பும், அதில் தண்ணீர் கலந்து எல்லா மேசைக்கும் பங்கு. இருபத்துநான்கு பேர் துப்புவதை என்னால் பார்க்க முடியாது. வீட்டில் இவர் வாய்வைத்துக் குடித்த டம்ளரையே தனியாகக் கழுவுகிறவள் நான். "கௌசல்யா, நீ வாம்மா" என்றேன். கொப்பளித்தாள், துப்பினாள். பின்னாலிருந்து ஒரு "உவ்வே". எச்சில் நொதியால் ஸ்டார்ச் முழுக்கச் சர்க்கரையாகிவிட்டது, அயோடின் விட்டும் ஒரு குழாயிலும் நீலம் வரவில்லை. எல்லோரும் ரெண்டு தடவை கை கழுவினார்கள். சோப்பு காலி.

மத்தியானம் கௌசல்யா டப்பாவில் பலாச்சுளை நீட்டினாள். "எங்க மரத்துதுங்க மிஸ்." வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

9, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. ஸ்டாஃப் ரூம் டீயில் ஏடு மிதந்தது. கொட்டிவிட்டேன்.

அதே வகுப்பு ஹரிணியின் அம்மா தலைமை ஆசிரியை (த.ஆ.) அறைக்கு வந்திருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். "என் பொண்ணு நேத்திலேருந்து சாப்பிடல மேடம். கண்டவ எச்சிலத் தொட வச்சிருக்கீங்க. அதுவும் அந்தக் காலனிப் பொண்ணுது."

காலனி. அந்த ஒரு வார்த்தையில் சாதியைச் சொல்லியாகிவிட்டது. பட்டுப்போல் மென்மையான குரல் வேறு. கேட்கக் கேட்கக் குமட்டியது.

அவர் போனதும் த.ஆ.: "இனிமே நல்ல குடும்பத்துப் பிள்ளையா பாத்து எடுங்க மிஸ்."

"சரிங்க மேடம்" என்றேன்.

சரிங்களாம்! வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தேன்.

10, புதன்

லேப் உதவியாளர் சேகரிடம் கேட்டேன், போன வருஷம் துப்பியது யார் என்று. துப்புரவு வேலை முனியம்மா மகள். அதற்கு முன்? வரிசையாகச் சொன்னார். ஆறு வருஷம், ஆறு பிள்ளைகள். ஆறும் காலனி.

"நீங்கதான மேடம் கூப்புடுவீங்க. நான் பீக்கர நீட்டுவேன், அவ்ளோதான். மத்ததுங்க மூஞ்சச் சுளிச்சிக்கினு நிக்கும். இதுங்க சொன்னா கேட்டுக்கும்."

நான் சாதி பார்க்கிறவள் இல்லை என்று யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். மறுக்காத பிள்ளை என்றுதான் கூப்பிட்டேன். மறுக்க முடியாத பிள்ளை யாரென்று என் கண் தப்பாமல் பார்த்திருக்கிறது. சீ.

பலாச்சுளை ஞாபகம். வேண்டாம், அதை இன்று எழுதவில்லை.

11, வியாழன்

காஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டும். மறந்தேன்.

இடைவேளையில் கௌசல்யா, கையில் தாள். "காமர்சுக்கு மாத்திக்கிறேன் மிஸ். சப்ஜெக்ட் மிஸ் கையெழுத்து வேணுமாம். திங்கக்கெழம கடைசி."

"நர்சிங்?"

"வேணாங்க மிஸ்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

முதலில் தலையாட்டினாள், இல்லை என்று. பிறகு: "எச்சிலுன்னுதான் கூப்பிட்றாங்க மிஸ். பேரே அதுதான் இப்போ." கதவு வரை போய்த் திரும்பினாள். "ஆனா மொதல்ல கூப்ட்டது நீங்கதான மிஸ்."

தாளைப் பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை.

13, சனி

இவருக்கு செகண்ட் ஷிஃப்ட். வீடு அமைதி. ரெக்கார்ட் நோட்டுகள் திருத்தினேன்.

ஒன்று: "வாயை நன்கு கொப்பளித்து, என் உமிழ்நீரைச் சேகரித்தேன்."
இரண்டு: "என் உமிழ்நீரை."
மூன்று: அதே.
ஹரிணி, அழகான கையெழுத்து, பச்சை மையில் அடிக்கோடு: "என் உமிழ்நீரை."

இருபத்துநான்கும் அப்படியே. ஒருத்தி எழுதியது மட்டும் உண்மை. தொடக் கூசிய எச்சிலை ரெக்கார்டில் எல்லோரும் தங்களுடையது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள், மதிப்பெண் இருக்கிறதே! ஆறு வருஷமாக இதன் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

எல்லாவற்றிலும் பக்கத்தைக் குறுக்கே அடித்தேன். கௌசல்யாவுடையதைத் தவிர.

15, திங்கள்

தூறல். லேப் முழுக்க ஈர யூனிஃபார்ம் வாடை.

த.ஆ.விடம் கேட்கவில்லை. ஆளுக்கொரு பேப்பர் கப் கொடுத்தேன். "அவங்கவங்க எச்சில், அவங்கவங்க குழாய். போன வாரம் நான் செஞ்சது தப்பு. ஆறு வருஷமா தப்பு. கௌசல்யா, என்னை மன்னிச்சிடும்மா." ஒருத்தரும் சிரிக்கவில்லை.

துப்பினார்கள். ஹரிணி மூக்கைப் பிடித்துக்கொண்டு துப்பினாள். ஒவ்வொரு மேசையாக நின்று பார்த்தேன். சளி, நுரை, காலை இட்லித் துணுக்கு. எல்லோர் வாயும் ஒன்றுதான் நாறுகிறது.

கௌசல்யாவின் கப் மட்டும் காலி. "நீ ஏம்மா செய்யல?"

நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் போன வாரம் எல்லாருக்கும் குடுத்துட்டனே மிஸ். இன்னிக்கு எனக்கு நீங்க குடுங்க."

சேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழாயடியில் கொப்பளித்தேன். திரும்பி வந்து, பிள்ளைகள் பார்க்க, அவள் நீட்டிய கப்பில் துப்பினேன். ஒரு சொட்டு அவள் விரலில் பட்டது. அவள் துடைக்கவில்லை. தண்ணீர் கலந்தாள், ஸ்டார்ச்சில் விட்டாள், வெந்நீரில் வைத்தாள், காத்திருந்தாள். பிறகு அயோடின், ரெண்டு சொட்டு.

"நீலம் வரல மிஸ்."

பையிலிருந்து அந்த காமர்ஸ் தாளை, கையெழுத்துப் போடாமலே எடுத்து நீட்டினேன். வாங்கி, குழாய் ஸ்டாண்டுக்கு அடியில் ஈரத்தில் வைத்துவிட்டு ரெக்கார்டைத் திறந்தாள். 'என்' என்பதை அடித்து, மேலே எழுதினாள்: மிஸ்ஸுடைய உமிழ்நீர்.

அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.