கொறங்காட்டுக்குக் கையெழுத்து இல்லை

ஜோத்பூர்,
ஜூன் 1968

அப்பாவுக்கு அர்த்தநாரி வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் புழுதிப்புயல். தூசி அளக்கும் கருவியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். மூக்குக்கண்ணாடிதான் பறந்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை.

"சும்மா கெடக்கற மேய்ச்சக் கொறங்காடு தானே கண்ணு, புல்லை உழுதுபோட்டு நம்ம பனியன் கம்பெனித் துணி காயவெக்கற களமாக்கிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறீர்கள். போட மாட்டேன்.

இங்கே ஆடு மேய்ந்து புல் அழிந்த இடமெல்லாம் மண் எழும்பி, வாரக்கணக்கில் வானத்தில் நிற்கிறது. காற்றில் ஈரம் இருந்தும் மழை இல்லை. அந்தத் தூசிதான் மேகம் எழும்பவிடாமல் காற்றைக் கீழே அமுக்குகிறது என்கிறார் எங்கள் ஆராய்ச்சி நிலைய அதிகாரி. இன்னும் நிரூபணமாகவில்லை, அதற்குத்தான் அளக்கிறோம். மழையில்லாமல் புல் முளைக்காது, புல் இல்லாமல் தூசி அடங்காது. அதனால் வேலி போட்டு, புல்லைக் கையால் நடுகிறோம். எந்தப் புல் தெரியுமா? நம் கொறங்காட்டில் தானாக முளைக்கும் அதே கொழுக்கட்டைப் புல்.

அதை அழித்துவிட்டு வெள்ளைத் துணி காயவைத்தால், தூசி படிந்து காவிப் பனியன்தான் விற்பீர்கள். கோபப்பட்டால் படுங்கள்.

மூக்கில் கட்டிக்கொள்ள நம் கம்பெனித் துணி கொஞ்சம், கொள்ளுப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். பார்சலில் விலாசத்தை அம்மாவையே எழுதச் சொல்லுங்கள், அவள் எழுத்தைப் பார்த்து நாளாயிற்று.

தபால்காரர் நிற்கிறார். நம் கொறங்காட்டு வேலியில் ஒரு கிளுவைச் செடியை வெட்டினாலும் அடுத்த ரயிலில் வந்து நிற்பேன். இதை மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள், அவளே அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அர்த்தநாரி