எரிச்சல் என்று எழுதிக் கொடுத்தேன்

மார்ச் 4
வெறும் வயிற்றில் சர்க்கரை 212. இந்த முறை அரிப்பு தொடங்கி இது நான்காவது வாரம். பத்தாம் வகுப்புக்கு இனப்பெருக்க மண்டலம் நடத்தினேன். படம் வரைந்து, பாகம் குறித்து, ஒரு பெயரையும் விழுங்காமல் சொன்னேன். இருபது வருடமாக உயிரியல் டீச்சர். என் உடம்பைப் பற்றிப் பேச மட்டும் வாய் வராது.

மார்ச் 8
மதியம் என் கணவர் என் தோளில் கை வைத்தார். சுருங்கிப்போனேன். போன முறை சேர்ந்தபோது பிளேடால் கீறியது போல இருந்ததே — அதை எப்படிச் சொல்வது? "சரி, விடு," என்று கையை எடுத்துக்கொண்டார். ஐந்து மாதமாக இப்படித்தான்.

மார்ச் 17
சர்க்கரை டாக்டரிடம் மூன்று மாதச் சோதனை. கண்ணைப் பற்றிக் கேட்டார், காலைப் பற்றிக் கேட்டார், கிட்னியைப் பற்றிக் கேட்டார். "வேற ஒண்ணும் இல்லையே?"
"இல்ல சார்."
படியிறங்கும்போதே என்மேல் கோபம் கோபமாக வந்தது.

மார்ச் 22
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து நின்றார். "என்னைப் பிடிக்காமப் போச்சா? அப்படின்னா சொல்லிடு."
எனக்கா? உங்களையா? அழுதேனே தவிர வாய் திறக்கல. ஏன் திறக்கல? அந்த மனுஷன் முகமே தொங்கிப்போச்சு.

மார்ச் 23
அரை நாள் விடுப்பு. பெண்கள் மருத்துவர் எதிரே உட்கார்ந்தேன். கைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவால் ஒரு தாளில் எழுதி நீட்டினேன்: அரிப்பு. வறட்சி. சேரும்போது எரிச்சல். ஆசையே இல்லை.
"கையெழுத்தப் பாத்தாலே டீச்சர்னு தெரியுது. பயப்படாதீங்க," என்றார் அந்த அம்மா. பரிசோதித்தார். பூஞ்சைத் தொற்று.
"சர்க்கரை ஏறினா இது திரும்பத் திரும்ப வரும். நரம்பும் ரத்த ஓட்டமும் தளர்ந்தா வறட்சியும் வரலாம். வலிக்கும்னு தெரிஞ்சா ஆசை எங்கிருந்து வரும்? உங்க தப்பில்லம்மா."
தொற்றுக்கு மருந்து, வறட்சிக்குத் தனியாக ஒரு ஜெல், சர்க்கரை டாக்டருக்கு ஒரு கடிதம்.

மார்ச் 24
சொல்லிவிட்டேன். போர்வை மடிக்கும்போது, அவர் முகத்தைப் பார்க்காமல். "வெறுப்பில்லங்க. வலி."
மறுமுனையைப் பிடித்தபடியே நின்றார். "நான் என்னென்னமோ நெனச்சு செத்துட்டிருந்தேன். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" கோபம்தான். போர்வையைக் கட்டிலில் வைத்துவிட்டு — "இப்பவும் வலிக்குதா?"

ஏப்ரல் 11
அரிப்பு போயே போய்விட்டது. சர்க்கரை 138.

ஏப்ரல் 26
ஞாயிறு. மகள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் கதவைச் சாத்தினோம். பாதியில் லேசாக எரிந்தது. "நிறுத்துங்க," என்றேன். நிறுத்தினார். பக்கத்தில் படுத்துக்கொண்டு, கூட்டத்தில் தன் மேலதிகாரி குறட்டை விட்ட கதையைச் சொன்னார். வயிறு குலுங்கச் சிரித்தேன்.
பிறகு நானே அவர் பக்கம் திரும்பினேன்.