பற்றரியைக் கழற்றிய பின் ஐந்து நிமிடம்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
12.02.2006

அன்புள்ள தம்பி ஷ்யாமுக்கு,

சயூரனின் அம்மா மங்களேஸ்வரி எழுதிக்கொள்வது. கோயம்புத்தூரில் நீங்களும் அம்மா அப்பாவும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புத்தான். எழுத்துப் பிழை இருந்தால் குறை நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்தது. வேலையிடத்தில் பக்கத்து மேசையில் இருந்தும், சயூரன் அந்த லேசர்ப் பெட்டியைத் திறந்ததைத் தடுக்கவில்லை, நான்தான் அவனைக் கொன்றேன் என்று எழுதியிருந்தீர்கள். வேலையையும் விட்டுவிட்டீர்களாம். வாசித்த நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த லேசர்ப் பெட்டியைப் பற்றி எனக்குத் தெரியும் தம்பி. மலையில் பனி எவ்வளவு என்று தூரத்தில் நின்றே அளக்கிற, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். கையில் தூக்குகிற பெட்டிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் குசினியில் சமைத்துக்கொண்டே அவனிடம் கேட்டேன்.

“பற்றரி சின்னன்தான் அம்மா. அது கொஞ்சம் கொஞ்சமாத் தாறதைக் கபாசிட்டர் சேர்த்து வைச்சு, ஒரேயடியா விளக்குக்குக் குடுக்கும். அந்த வெளிச்சத்தைப் பளிங்குக் கம்பி பிடிச்சு வைச்சு, கண் வெட்டுறதுக்கு முந்தி முழுக்க விட்டுடும். சக்தி கூடுறேல்லை, நேரந்தான் சுருங்குது” என்றான்.

பற்றரியைக் கழற்றினாலும் உள்ளே சேர்ந்தது வடிய ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளையே அடித்துவிடும் என்றும் சொன்னான். நீங்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

அவன் ஏன் பொறுக்கவில்லை என்று விசாரிக்க வந்தவர்களுக்கும் நான் சொல்லவில்லை, அவன் அப்பாவுக்கும் சொல்லவில்லை. அவன் எங்களை விட்டுப் போன அன்று கந்தசஷ்டிப் பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடுகிற நாள். ஆறு நாள் விரதம் இருந்துவிட்டு, அவன் வந்து பக்கத்தில் இருந்தால்தான் சோற்றில் கை வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தேன். மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்றாம் தரம், தலை சுற்றுகிறது, விழுந்துவிடுவேன் போல இருக்கிறது என்றேன். அது பொய் தம்பி. எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

“இந்தா, கழட்டி வைச்சிட்டு ஓடி வாறன். நீங்கள் முதல் சாப்பிடுங்கோ” என்றான்.

அந்த ஐந்து நிமிடத்தை எடுத்தது நான். அதை நீங்கள் சுமக்க வேண்டாம். திரும்ப வேலைக்குப் போங்கள்.

உங்கள் சாம்பாரைப் பருப்புத் தண்ணி என்று பகிடி பண்ணுவான். வீட்டில் நான் வைத்தால், ஷ்யாம் வைக்கிற மாதிரி இல்லை என்பான். கோடையில் ஒருதரம் வந்து எனக்கும் வைத்துக் காட்டுங்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று போன் எடுக்க மாட்டேன். நான் முதலே சாப்பிட்டுவிட்டு இருப்பேன். நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலாக வாருங்கள்.

உங்களுக்கு நீண்ட ஆயுள் கேட்கும்,
சயூரனின் அம்மா