உள்ளேன் டீச்சர்

ஜூன் 1, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. மேற்கே மலை தெரியவில்லை, அய்யனார் கோவில் பக்கம் சாரலாக இருக்கும். மாங்காய் நான்கு விழுந்தது. இரண்டு அடிபட்டது.

முதல் தேதி. கைபேசியில் நான் நடத்தும் ரத்ததானக் குழுவில் வருகைப் பதிவு. ஏழு மணிக்கு வழக்கம்போல "எல்லோரும் வந்தாச்சா?" என்று எழுதினேன். எட்டு மணிக்குள் வரிசையாக 'உள்ளேன் டீச்சர்', 'உள்ளேன் டீச்சர்'. போலீஸ்காரர், பட்டாளத்துக்காரர், மில் சூப்பர்வைசர், யாராக இருந்தாலும் அந்த ஒரு வரியை மட்டும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவது போல எழுதுவார்கள். பதில் வந்தால் ஆள் ஊரில் இருக்கிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை, கூப்பிட்டால் ரத்தம் கொடுப்பார் என்று அர்த்தம். ஆறு வருடமாக இப்படித்தான்.

கூமாப்பட்டி மாரி (பி நெகட்டிவ்) இன்றும் பதில் போடவில்லை. மே மாதமும் இல்லை. இரண்டு மாதம் வராதவர் பெயர் நீக்கப்படும் என்பது நான் போட்ட விதி. சும்மா மிரட்டலுக்கு. இதுவரை யாரையும் நீக்கியதில்லை. நாளைக்கு அவருக்குத் தனியாக எழுத வேண்டும். 19-ம் தேதி கணேசன் மகள் தர்ஷினிக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். இந்த முறை அவர்தான்.

கேஸ் புக் பண்ண. வீட்டில் இவருக்குப் பிரஷர் மாத்திரை. மாரி.

ஜூன் 2, திங்கள்

குழு இல்லை.

காலையில் திறந்தால் ஒரு சாம்பல் நிறப் பக்கம். "ஒரே வாசகம் குறுகிய நேரத்தில் பலமுறை பதிவிடப்பட்டதால் இந்தக் குழு அகற்றப்பட்டது." என் கணக்கும் நிறுத்தம். யாருக்கும் தனியாகவும் எழுத முடியாது.

ஒரே வாசகம். உள்ளேன் டீச்சர்.

இவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "அட்டெண்டன்ஸ் எடுத்த டீச்சருக்கே ஆப்சென்ட் போட்டுட்டான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் காபி போடப் போய்விட்டார்.

மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது. விளக்கமாக எழுதினேன்: இது ரத்ததானக் குழு, இது வருகைப் பதிவு, எழுதியவர்கள் எல்லோரும் மனிதர்கள். காபி ஆறுவதற்குள் பதில்: "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. முடிவில் மாற்றம் இல்லை." ஒரு ஒன்பதாம் வகுப்புத் தாளை நான் இவ்வளவு வேகமாகத் திருத்தியதில்லை.

ஜூன் 4, புதன்

மூன்று முறை மேல்முறையீடு. மூன்று முறையும் அதே வாசகம். ஒரே வாசகம் பலமுறை எழுதுவது அவர்களுக்கு மட்டும் குற்றமில்லை போலிருக்கிறது.

போன் நம்பர் தேடினேன், குழுவை அகற்றிய கம்பெனிக்கு. இல்லை. முகவரி ஏதோ வெளிநாட்டில். பள்ளியில் ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினால் மறுநாள் அப்பா வந்து நிற்பார். ஏன் என்று கேட்பார், கத்துவார். பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுவோம். இங்கே போய் நிற்க வாசலே கிடையாது.

நோட்டில் எழுதியது, நினைவிலிருந்து:

பி நெகட்டிவ் - ஏழு பேர்
1. நர்ஸ் சாந்தி. மே 29 கொடுத்துவிட்டார். இனி செப்டம்பர் கடைசியில்தான்.
2. முத்துராஜ், பட்டாளம். லீவுக்கு வந்தால்.
3. மாரி.
4. 'தென்றல்' என்று பெயர் வைத்திருப்பவர். ஆணா பெண்ணா தெரியாது.
5. சங்கரன்கோவில் பக்கம் ஒருவர்.
6.
7.

நாற்பது பிள்ளைகள் பெயரைப் பதிவேடு இல்லாமல் சொன்னவள். இந்த ஏழு வரவில்லை.

யாருடைய போன் நம்பரும் என்னிடம் இல்லாததற்கு நானே காரணம். முன்பு ஒரு பெண் ரத்தம் தருகிறேன் என்று குழுவில் தன் நம்பரைப் போட்டாள். கண்டவனெல்லாம் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்தான், அழுதுகொண்டு என்னிடம் பேசினாள். அன்றே எல்லா நம்பரையும் அழிக்கச் சொன்னேன். எல்லாம் குழுவுக்குள் தனிச்செய்தியில் மட்டும். நானும் எழுதி வைக்கவில்லை. அதுதான் அங்கேயே இருக்கிறதே என்று.

சாந்தி நம்பர் மட்டும் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பழக்கம். முத்துராஜின் அம்மா நம்பர் சாந்தியிடம் இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

கணேசன் வந்தார், மில் ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய சட்டையோடு. தர்ஷினியும் கூட. ஒன்பது வயது. உடம்பில் தானாக ரத்தம் ஊறாது, பிறவியிலிருந்து. மூன்று வாரத்துக்கு ஒரு பை ஏற்ற வேண்டும். குழுவை ஆரம்பித்ததே இவளுக்காகத்தான்.

"பேஸ்மென்ட் போட்டு வீடு கட்டுன மாதிரி நிம்மதியா இருந்தேன் டீச்சர். இப்ப பழையபடி ஒவ்வொரு வாட்டியும் பிச்சை கேக்கணுமா?"



தர்ஷினி என் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். "டீச்சர், அவிய ஏன் நம்மள வெளிய அனுப்புனாக? சத்தம் போட்டோமா?"

ஆமாம், எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளேன் டீச்சர் என்று சொன்னோம் என்றேன். சிரித்தாள். உதடு வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மடவார் வளாகம் போகிற வழியில் நசீரின் செல்போன் சர்வீஸ் கடை. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன், அறிவியலில் எப்போதும் வரைபடம் மட்டும் அழகாக இருக்கும். பக்ரீத்துக்குப் பூட்டியிருந்த கடை இன்றுதான் திறந்திருக்கிறது. மனைவி கொடுத்தனுப்பிய பிரியாணியைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தான்.

கதையைக் கேட்டான். "டீச்சர், நீங்க வாடகை வீட்டுல குடியிருந்தீக. ஓனரு யாருன்னே தெரியாது. திடீர்னு பூட்டிட்டான்."

வேறு வழி உண்டாம். கடையில் சும்மா கிடக்கும் ஒரு கம்ப்யூட்டரில் நமக்கென்று ஓர் இடம் அமைக்கலாம். இதே மாதிரி மதுரையில் ஒருவர், கோவையில் ஒரு கல்லூரி, வெளிநாட்டில் யார் யாரோ தனித்தனியாக வைத்திருக்கிறார்களாம். இங்கிருந்து அங்கே எழுதலாம், அங்கிருப்பவர் இங்கே படிக்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முதலாளி கிடையாது.

எனக்குப் பிடிபடவில்லை.

"உங்க சிம் ஒரு கம்பெனி, என் சிம் ஒரு கம்பெனி. நாம பேசிக்கிடுதோம்ல? அம்புட்டுத்தான்."

"உன் கடை பிடிக்கவில்லை என்றால்?"

"பிடிக்கலன்னா வேற எடத்துக்குப் போயிரலாம். உங்களப் பின்தொடருற ஆளுகளும் உங்க கூடவே வந்துருவாக."

அப்படிச் சொன்னதும் புரிந்தது. டி.சி. பள்ளிக்கூடம் சரியில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் போகலாம், படித்த படிப்பு கூட வரும். அந்தக் கம்பெனியில் டி.சி. கொடுக்கிற வழக்கம் இல்லை. சேர்க்கை உண்டு, நீக்கம் உண்டு. நடுவில் ஒன்றும் கிடையாது.

"பள்ளிக்கூடமே இடிந்து விழுந்தால்?"

தலையைச் சொறிந்தான். "அது இருக்கு டீச்சர். என் கம்ப்யூட்டர் புகைஞ்சா போச்சு. வாராவாரம் பட்டியலை எடுத்துத் தனியா வச்சுக்கிடணும். அது நம்ம வேலை. கம்பெனிக்காரன் பாத்துக்கிடுவான்னு இருக்க முடியாது."

நேர்மையாகச் சொன்னான். வரும் வழியில் நோட்டு ஒன்று வாங்கினேன், நீள நோட்டு, வருகைப் பதிவேடு மாதிரி.

ஜூன் 11, புதன்

இடம் தயார். முதல் ஆள் நான், இரண்டாவது நசீர். இரண்டு பேர் வகுப்பு.

தெரிந்தவர்களுக்கெல்லாம் போன்.

சாந்தி உடனே வந்துவிட்டார். அவர் சொன்ன காரணம் மனதை விட்டுப் போகவில்லை. பழைய இடத்தில் எது முக்கியம் என்று கம்பெனிதான் வரிசைப்படுத்தும். ஒரு பிரசவ கேஸுக்கு ஓ நெகட்டிவ் கேட்டது அவர் கண்ணில் பட்டது நான்காம் நாள். "கடன் வேணுமான்னு ரெண்டு விளம்பரம், ஒரு பூனை வீடியோ, அதுக்குக் கீழ இது டீச்சர். அதுக்குள்ள அந்தம்மா போயிட்டாக." இங்கே கடைசியாக எழுதியது மேலே இருக்கிறது, அதுவே தனக்குப் போதும் என்றார்.

மில் சூப்பர்வைசர்: "அங்கனதான் டீச்சர் எல்லாரும் இருக்காக. இங்க வந்து நான் ஈ ஓட்டவா?" அவர் சொல்வதும் சரிதான். ஆள் இல்லாத இடத்தில் ரத்தம் கேட்டு என்ன.

போலீஸ்காரர்: "இன்னொரு பாஸ்வேர்டா? இருக்கதையே மறந்துட்டு முழிக்கேன்."

முத்துராஜ் அம்மா வழியாக மகனிடமிருந்து பதில்: சேர்ந்துவிட்டான். படம், நம்பர், பிறந்த தேதி என்று எதையும் கேட்கவில்லை, அதுவே பிடித்திருக்கிறதாம். லீவு ஆகஸ்டில்தான்.

ஆக பி நெகட்டிவ் இருவர். இருவராலும் 19-ம் தேதிக்குப் பயனில்லை.

ஜூன் 12, வியாழன்

மாரியைத் தேடி கூமாப்பட்டி. இவரும் வருகிறேன் என்றார், வெயிலில் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனேன். ஸ்ரீவி. வந்து பஸ் மாறி, வத்திராயிருப்பு வழியாக. ஜன்னல் முழுக்கத் தென்னை.

பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை. மாரி என்று ஒருவர், விவசாயி என்றேன். கடைக்காரர் வடையைத் திருப்பிக்கொண்டே, "மாரியப்பனா, மாரிமுத்தா, மாரிச்சாமியா?"

தெரியாது. மாரி என்றுதான் எழுதுவார்.

"ஏலே, டீச்சரம்மாவுக்கு மாரி வேணுமாம். எந்திரிங்கலே."

பெஞ்சில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும். இரண்டு பேரும் ஓ பாசிட்டிவ்.

"போட்டோ இருக்கா?"

அவர் தன் படத்துக்குப் பதில் ஒரு காளை மாட்டுப் படம் வைத்திருந்தார் என்றேன்.

"அப்ப மாட்டைச் சொல்லுங்க, ஆளைச் சொல்லிருவோம். கறுப்பா, மயிலையா? கொம்பு எப்படி?"

எவ்வளவு யோசித்தும் அந்தக் கொம்பு நினைவில் வரவில்லை. ஆறு வருடம் பார்த்த படம். அதுவும் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பின்னால்.

மூன்று தெரு நடந்தேன். ஏழு மாரி பார்த்தேன். இன்னொரு மாரி இறந்து இரண்டு வருடமாம். ஒரு வீட்டில் இளநீர் வெட்டிக் கொடுத்து, காசு வாங்கவில்லை.

திரும்பும்போது டீக்கடைப் பலகையில், வடை போண்டா விலைக்குக் கீழே, சாக்பீஸ் வாங்கி எழுதினேன்: 'பி நெகட்டிவ் மாரி, டீச்சரைக் கூப்பிடவும்.' என் நம்பர். பொது இடத்தில் நம்பர் எழுதாதே என்று எல்லோருக்கும் விதி போட்டவள்.

ஜூன் 14, சனி

அழைப்பு இல்லை. புதிய இடத்தில் எட்டுப் பேர். இருவர் ராத்திரியே திரும்பிப் போய்விட்டார்கள், 'இங்க ஒண்ணும் நடக்கலையே' என்று எழுதிவிட்டு.

மதியம் மூன்று மணி நேரம் நசீர் கடைத் தெருவில் கரண்ட் இல்லை. நம் இடமும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

காலை ஆறே முக்காலுக்கு போன்.

"டீச்சர், நான் மாரி. மாரிக்கனி. போர்டுல என்னையப் பாத்தேன்."

எங்கே போனீர்கள் என்றேன்.

"மகளுக்குக் கல்யாணம் டீச்சர், ரெண்டு மாசமா அலைச்சல். பொறவு ஒரு நாள் தொறந்தா, பாக்க அனுமதி இல்லன்னு வந்துச்சு. ரெண்டு மாசம் வரலைல, பேரை அடிச்சுட்டீகன்னு நெனச்சேன். தப்பு எம்மேலதான, எந்த மூஞ்சிய வச்சுக் கேக்கன்னு இருந்துட்டேன்."

நான் யாரையும் நீக்கவில்லை என்றேன். இரண்டு முறை சொன்னேன்.

"சரி டீச்சர். பாப்பாவுக்கு இந்த வாட்டி நாந்தானன்னு ஞாபகம் இருந்துச்சு. வேற ஆள் போட்டுருப்பீகன்னு நெனச்சேன்."

வியாழக்கிழமை வர முடியுமா என்றேன்.

பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"நேத்து வத்திராப்புல ரத்த கேம்ப் போட்டுருந்தாக டீச்சர். அங்க வேணாம்னுட்டாக, இங்கயாவது கேக்காகளேன்னு போயிக் குடுத்துட்டேன்."

நேற்று.

மூன்று மாதம் கழித்துத்தான் இனி அவர்.

"தப்புப் பண்ணிட்டேனா டீச்சர்?" என்றார். ரத்தம் கொடுத்தது எப்படித் தப்பாகும் என்றேன். இரண்டு மாத விதியைப் போட்டது யார் என்று சொல்லவில்லை, அவருக்குத் தெரியும்.

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் பி நெகட்டிவ் இல்லை. விருதுநகரில் இல்லை. மதுரையில் கேட்டிருக்கிறார்கள். கணேசன் லீவு போட்டுவிட்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். தர்ஷினி படுத்துக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் காட்டினாள். ஏழெட்டில் மூச்சு வாங்கியது. போதும் என்றேன்.

கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல். எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் தரவும்.

ஜூன் 21, சனி

ஒரு பை கிடைத்தது. இரண்டு நாள் தாமதம். சாந்தி பக்கத்தில் நின்று ஏற்றினார். சாயங்காலம் தர்ஷினி இட்லி கேட்டாளாம்.

எங்கிருந்து வந்தது என்று சாந்தியிடம் கேட்டேன். "ஏதோ கேம்ப்ல எடுத்ததுன்னாக. பேரெல்லாம் சொல்ல மாட்டாக டீச்சர்."

ஜூலை 1, செவ்வாய்

காற்று. மாங்காய் முடிந்தது.

ஏழு மணிக்குப் புதிய இடத்தில் வருகைப் பதிவு. எல்லோரும் ஒரே வாசகம் எழுதலாமா என்று நசீரிடம் கேட்டுக்கொண்டேன். "எழுதுங்க டீச்சர். இங்க பாத்து நீக்குற மிஷினு நான்தான்" என்றான். பதினொரு 'உள்ளேன் டீச்சர்'. பழைய இடத்தில் இருநூறுக்கு மேல்.

மாரிக்கனி வந்துவிட்டார், அதே காளைப் படத்தோடு. மயிலை. கொம்பு பின்பக்கம் வளைந்தது. தனியாக எழுதியிருந்தார்: "பாப்பாவுக்கு ஏத்துனது என்னோடதா இருக்குமோ டீச்சர்?"

தெரியாது மாரி என்று பதில் போட்டேன்.

தர்ஷினிக்கு அடுத்த ரத்தம் 12-ம் தேதி. நீள நோட்டில் பி நெகட்டிவ் பக்கம். சாந்தி, முத்துராஜ், மாரிக்கனி: உண்டு, ஆனால் இப்போது முடியாது. தென்றல், சங்கரன்கோவில்காரர், பெயர் வராத இருவர். எங்கேயோ அந்தச் சாம்பல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, டீச்சர் பெயரை அடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆப்சென்ட் போட மனம் வரவில்லை. நான்கு கட்டத்தையும் காலியாக விட்டேன். இன்னும் பதினொரு நாள்.